கண்ணாடித் தகட்டில் ஒட்டுண்ணிகள்

குளிரும் காய்ச்சலுமாக மூன்று நாட்களாய்ப் படுத்திருக்கும் ஒரு விவசாயியின் விரல் நுனியைக் குத்தி எடுத்த ஒரு துளி ரத்தம், கண்ணாடித் தகட்டில் உலர்ந்து, காகிதத்தில் சுற்றப்பெற்று, களப் பணியாளரின் பையில் பல கிலோமீட்டர் பயணம் செய்து, ஓர் ஆய்வுக்கூடத்தின் மேஜையை வந்தடைகிறது. அதனை நுண்பெருக்கியின் கீழ் வைத்து நோக்குபவர் அந்த விவசாயியைக் கண்டவர் அல்லர். அவருடைய ஊரையும் அறியார். தகட்டின் மீது பென்சிலால் எழுதப்பட்ட ஓர் எண்ணும் ஒரு தேதியுமே அவருக்குத் தெரிந்தவை. எனினும், பதிவேட்டில் அவர் எழுதப்போகும் ஒரு சொல்லைப் பொறுத்தே நோயாளியின் சிகிச்சை அமையும்.

'வைவாக்ஸ்' என்று எழுதினால் 3 நாள் குளோரோகுயினும், ஈரலில் உறங்கிக்கிடக்கும் கிருமிகளை அழிப்பதற்கென 14 நாள் பிரைமாகுயினும் தரப்படும். 'ஃபால்சிப்பாரம்' என்று எழுதினால் ஆர்ட்டிமிசினின் கூட்டு மருந்தும், ஒரே ஒரு வேளைப் பிரைமாகுயினும் போதும். முன்னதைப் பின்னதெனத் தவறி எழுதினால் காய்ச்சல் இறங்கிவிடும். ஆனால் ஈரலில் உறங்கும் கிருமி சில வாரங்களிலோ மாதங்களிலோ விழித்தெழுந்து மீண்டும் காய்ச்சலை உண்டாக்கும். பின்னதை முன்னதென எழுதிவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மூளையையே தாக்கவல்ல நோய்க்கு, அதன் முன் பெரிதும் வலுவிழந்துவிட்ட குளோரோகுயினைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்போம். ஃபால்சிப்பாரத்தின் விஷயத்தில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் உயிரோடு சம்பந்தப்பட்டதாகும்.

இக்கட்டுரையை எழுதுபவன் டாக்டர் அல்லன். ஆய்வுக்கூட நிபுணனும் அல்லன். இத்துறையின் கையேடுகளைத் தமிழாக்கும் அலுவல் காரணமாக ஆய்வுக்கூடங்களுக்குச் சென்று, அங்கு பணியாற்றுவோரின் அருகில் அமர்ந்து, அவர்கள் காட்டியவற்றைக் கண்டவன். கண்டவற்றுள், களப் பணியாளருக்கும் ஆசிரியருக்கும் பயன்படக்கூடியவற்றை மட்டும் இங்கே எடுத்துரைக்க முற்படுகிறேன்.

ஒரு துளி, இரு பூச்சு

மலேரியாவுக்காக எடுக்கப்படும் ரத்தம் ஒரே தகட்டில் இருவிதமாகப் பூசப்படுகிறது. ஒரு புறம், துளிகளை ஒன்றாகக் கலந்து வட்டமாகப் பரப்பிய தடித்த பூச்சு. மறுபுறம், மற்றொரு தகட்டின் விளிம்பால் இழுத்துப் பரப்பிய மெல்லிய பூச்சு. இரண்டும் ஒரே வேலையைச் செய்வன அல்ல. தடித்த பூச்சில் சிறு பரப்புக்குள் பன்மடங்கு ரத்தம் அடங்கியிருக்கிறது. ஆகவே கிருமி சொற்பமாக இருந்தாலும் அகப்பட்டுவிடும். ஆனால் சாயம் ஏற்றும்போது அதிலுள்ள சிவப்பணுக்கள் கரைந்துபோவதால், கிருமி எவ்வகை அணுவில் குடியிருந்தது என்பது தெரியாது. மெல்லிய பூச்சில் அணுக்கள் உருக்குலையாமல் ஒற்றை வரிசையாய்ப் பரந்து கிடக்கின்றன. 'இருக்கிறதா?' என்ற கேள்விக்குத் தடித்த பூச்சும், 'எது?' என்ற கேள்விக்கு மெல்லிய பூச்சும் விடை கூறுகின்றன எனலாம்.

மெல்லிய பூச்சை மெதைல் ஆல்கஹாலில் நிலைப்படுத்தவேண்டும், தடித்ததை நிலைப்படுத்தலாகாது. இவ்விதியைக் களப் பணியாளர் தம்மை அறியாமலே மீறிவிடுவதுண்டு. விரைவில் உலரட்டுமென்று தகட்டை வெயிலில் வைப்பதும், அடுப்பருகே காட்டுவதும் தடித்த பூச்சை வெப்பத்தாலேயே நிலைப்படுத்திவிடும். பின்னர் சாயம் ஏற்றினால் சிவப்பணுக்கள் கரையாமல் நின்று, பார்வையை முழுதும் மறைத்துவிடும். அதுபோலவே ஈயும் கரப்பானும் உலரும் ரத்தத்தைத் தின்றுவிடுகின்றன. பூச்சின் நடுவே ஒழுங்கற்ற வெற்றிடங்களுடன் வரும் தகடுகளைக் கண்டு நான் காரணம் கேட்டபோது, "எங்களுக்கு முன்பே யாரோ பரிசோதித்துவிட்டார்கள், ஐயா" என்றார் ஆய்வாளர். தகட்டை நிழலில், சமதளத்தில், ஒரு மூடியின் கீழ் உலரவிடுவதற்குச் செலவு ஒன்றுமில்லை.

சாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜீம்சா சாயமே உலகெங்கும் வழங்குவது. நம் நாட்டில் அதனுடன் ஜே. எஸ். பி. சாயம் என்பதும் பெருவழக்கில் இருந்து வந்திருக்கிறது. தில்லியில் இருந்த இந்திய மலேரியா நிலையத்தைச் சேர்ந்த ஜஸ்வந்த் சிங், பட்டாச்சார்ஜி ஆகிய இருவர் 1944-இல் உருவாக்கிய சாயம் அது; அவர்கள் பெயர்களின் முதலெழுத்துக்களே அதற்குப் பெயராயின. விரைவாக ஏறுவதும் மலிவாக இருப்பதும் அதன் சிறப்புகள். 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கி, லட்சக்கணக்கான தகடுகள் ஆய்வுக்கூடங்களில் வந்து குவிந்தபோது இவ்விரண்டு சிறப்புகளின் அருமையும் விளங்கிற்று.

மோதிரமும் பிறையும்

நூறு மடங்கு பெருக்கும் பொருளருகு வில்லையை எண்ணெய்த் துளியில் தோயவைத்து, பத்து மடங்கு பெருக்கும் கண்ணருகு வில்லையின் வழியே நோக்கினால், உருவம் 1,000 மடங்கு பெருத்துத் தெரிகிறது. மலேரியாக் கிருமியின் இளம் பருவம், கல் பதித்த மோதிரம்போல் தோன்றும்: நீல நிற வளையம் உடல், சிவந்த கல் உட்கரு. இம்மோதிரம் எல்லா வகை மலேரியாவிலும் உண்டு. வேறுபாட்டை அறிய, மோதிரத்தை மட்டும் பாராமல் அது குடியிருக்கும் வீட்டையும் பார்க்கவேண்டும்.

வைவாக்ஸ் குடியேறிய சிவப்பணு, அண்டையிலுள்ள அணுக்களைவிடப் பெருத்து வெளிறியிருக்கும். நன்கு சாயம் ஏறிய பூச்சில் அதனுள் குங்குமம் தூவினாற்போலச் செம்புள்ளிகள் காணப்படும். கிருமி வளர வளர ஒழுங்கற்ற உருவம் கொண்டு அணுவெங்கும் கைநீட்டிப் பரவும். முற்றியபின் 12 முதல் 24 வரை குட்டிக் கிருமிகளாகப் பிரியும். இப்பருவங்கள் யாவும் விரல் நுனி ரத்தத்திலேயே காணக்கிடைக்கும். ஃபால்சிப்பாரத்தில் அவ்வாறு இல்லை. அதன் மோதிரங்கள் மெல்லியவை. சில சமயம் ஒரு மோதிரத்தில் இரு கற்களும், ஒரே அணுவில் இரண்டு மூன்று மோதிரங்களும் இருக்கும். சில மோதிரங்கள் அணுவின் விளிம்போடு ஒட்டிக்கிடக்கும். அணு பெருப்பதில்லை. வளர்ந்த பருவங்கள் உள்ளுறுப்புகளின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் ஒட்டி மறைந்துகொள்வதால், விரல் ரத்தத்தில் பெரும்பாலும் இளம் மோதிரங்களும், நோய் சில நாள் முற்றியபின் மூன்றாம் பிறை போன்ற பாலணுக்களுமே தென்படும். அப்பிறையைக் கண்டால் ஐயத்துக்கே இடமில்லை. 'மலேரியே' என்னும் மூன்றாவது வகை, அணுவின் குறுக்கே பட்டையாக நீண்டு கிடப்பதால் அடையாளம் காணப்படும். அது நம் நாட்டில் அரிது.

தகட்டில் மலேரியா 'இல்லை' என்று எழுதுவதே மிகவும் கடினமான தீர்ப்பு. உண்டு என்பதற்கு ஒரு கிருமி போதும். இல்லை என்பதற்கோ தடித்த பூச்சில் குறைந்தது 100 பார்வைப் புலங்களைப் பொறுமையாகக் கடக்கவேண்டும். நாற்பதாவது புலத்தில் கண் அலுத்துவிடுகிறது என்பதை அனுபவத்தில் அறிந்தேன். நானோ ஒரே தகட்டைத்தான் பார்த்தேன். ஆய்வாளருக்கு அன்று மாலைக்குள் இன்னும் பல தகடுகள் காத்திருந்தன.

இல்லாததைக் காண்பதும் எளிதே. ரத்தத் தட்டு ஒன்று சிவப்பணுவின் மீது படிந்திருந்தால், பழகாத கண்ணுக்கு அது மோதிரமாகத் தோன்றும். நுண் திருகைச் சற்று அசைத்துப் பார்த்தால் தட்டு வேறொரு மட்டத்தில் இருப்பதும், அதைச் சுற்றி ஒளிவட்டம் இருப்பதும் புலப்படும். வடிகட்டாத சாயத்தின் வண்டல், தகட்டின் கீறலில் தங்கிய நிறம், தூசி, பாசி யாவும் கிருமியாக வேடம் பூணும். நீல உடல், சிவந்த உட்கரு ஆகிய இரண்டும் சேர்ந்து தெரிந்தாலன்றிக் கிருமி என்று ஒப்பலாகாது என்பது ஆய்வாளர் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி.

இன்று நிமிடங்களில் விடை சொல்லும் விரைவுச் சோதனை அட்டைகள் வந்துவிட்டன. நுண்பெருக்கியும் மின்வசதியும் இல்லாத மலைக்கிராமங்களில் அவை செய்துவரும் உபகாரம் பெரிது. ஆனால் ஃபால்சிப்பாரத்தின் ஒரு புரதத்தைக் கொண்டு நோயைச் சொல்லும் அட்டை, கிருமி மாண்ட பிறகும் சில வாரங்கள் 'உண்டு' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். மருந்து வேலை செய்ததா என்பதை அதனால் கூற இயலாது. கிருமிகளை எண்ணி, நேற்றைவிட இன்று குறைந்துள்ளனவா என்று கூறவல்லது தகடுதான்.

இவ்விடத்தில் ஒரு கவலையையும் குறிப்பிடவேண்டும். திட்டம் தொடங்குமுன் ஆண்டுக்கு 7½ கோடிப் பேரை மலேரியா தாக்கியதாக மதிப்பிடப்பட்டிருந்தது. 1965-இல் அது சுமார் 1 லட்சமாகக் குறைந்தது. 'தீர்ந்தது' என்றே பலரும் எண்ணினர். 1976-இல் 64 லட்சமாகத் திரும்பி வந்தது. மறுபடியும் பல்லாண்டு உழைப்பால் குறைக்கப்பட்டு, 2023-இல் பதிவானவை சுமார் 2.27 லட்சம். நோய் குறையக் குறைய, கிருமியுள்ள தகடு ஆய்வாளரின் கண்ணில் படுவதும் அரிதாகிறது. மாதக்கணக்கில் ஒன்றுமே காணாத கண், காணவேண்டிய நாளில் அதைக் கண்டுகொள்ளுமா? நான் சென்ற ஆய்வுக்கூடத்தின் மூத்த ஆய்வாளர், ஒவ்வொரு நாள் காலையும் பெட்டியிலிருந்து பழைய தகடு ஒன்றை எடுத்து ஃபால்சிப்பாரத்தின் மோதிரங்களைப் பார்த்துவிட்டே அன்றைய வேலையைத் தொடங்குகிறார். பாடகர் சுருதி கூட்டிக்கொள்வது போன்றதே இது.

வால் நுனியில் என்ன இருக்கிறது?

யானைக்கால் நோயின் நுண்புழுக்கள் இரவில்தான் தோலருகேயுள்ள ரத்தத்துக்கு வருகின்றன. ஆகவே அந்நோய்க்கான ரத்தம் இரவு 8 மணிக்கும் நள்ளிரவுக்கும் இடையே எடுக்கப்படுகிறது. தூங்குகிறவரை எழுப்பி விரலைக் குத்துவது களப் பணியாளருக்கு நற்பெயர் தரும் வேலையன்று. ஏன் பகலில் வரலாகாது என்று ஊரார் கேட்பதில் நியாயமும் இருக்கிறது. நோயைப் பரப்பும் கொசு இரவில் கடிப்பது. புழுவும் அதற்கேற்ப நேரம் பார்த்து வெளிவருகிறது என்று விளக்கினால் பெரும்பாலோர் கையை நீட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

மனித ரத்தத்தில் இப்புழுவை முதன்முதலாகக் கண்டவர் திமோதி லூயிஸ், ஆண்டு 1872, இடம் கல்கத்தா. அவர் கண்டது பான்கிராஃப்டி என்னும் வகை. நம் நாட்டில் மிகப் பெரும்பாலான நோய்க்கு அதுவே காரணம். மற்றொரு வகை மலாயி; கேரளத்தின் சேர்த்தலைப் பகுதி அதற்குப் பேர்போனது. சாயம் ஏற்றிய தகட்டில் இரண்டும் மெல்லிய உறைக்குள் கிடக்கும் நூல்போலத் தோன்றும். பான்கிராஃப்டியின் வளைவுகள் வழவழப்பாக, கோலமிடும் கை இழுத்த கோடுபோல் இருக்கும். மலாயியோ முறுக்கிப்போட்ட சணல்போல் சிறுசிறு மடிப்புகளுடன் கிடக்கும். தலைப்பக்கம் உட்கருக்கள் இல்லாத வெற்றிடம் மலாயியில் அகலத்தைப்போல் இருமடங்கு நீளமுடையது. ஜீம்சா சாயத்தில் மலாயியின் உறை இளஞ்சிவப்பாக நிறமேறும். பான்கிராஃப்டியின் உறை நிறமேறாது. ஆனால் இறுதித் தீர்ப்பு வால் நுனியில்தான் உள்ளது. பான்கிராஃப்டியின் வால் நுனி வெறுமையானது. மலாயியின் வால் நுனியில், ஒன்றைவிட்டொன்று தள்ளி, இரண்டு உட்கருக்கள் தனியே நிற்கும்.

இவ்விடத்தில்தான் நான் ஒரு தவறு செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியைத் தமிழாக்கியபோது, 'உட்கரு' என்று எழுதவேண்டிய இடத்தில் சுருக்கமாகக் 'கரு' என்று எழுதிவிட்டேன். 'வால் நுனியில் இரண்டு கருக்கள் உள்ளன' என்று அச்சாயிற்று. பயிற்சிக்கு வந்திருந்த ஓர் இளம் பணியாளர் எழுந்து, "ஐயா, இந்த நுண்புழுவே தாய்ப்புழு ஈன்ற கரு என்று முன்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். கருவின் வாலில் இன்னும் இரண்டு கருக்கள் எப்படி வரும்?" என்று கேட்டார். சபையில் சிரிப்பு எழுந்தது. ஆனால் கேள்வி சரியானதே. அணுவின் நடுவிலுள்ளதற்கும் வயிற்றிலுள்ளதற்கும் நம் மொழி ஒரே சொல்லை வழங்கிவருவதை நான் கவனித்திருக்கவேண்டும். அந்தப் பக்கத்தை அடையாளக் குறிப்பாகக் கொண்டு தகட்டை நோக்கிய எவரேனும், வால் நுனியில் சிசு போன்ற ஏதோவொன்றைத் தேடிக் காணாமல், மலாயியைப் பான்கிராஃப்டி என்று எழுதியிருக்கக்கூடும் அல்லவா? அந்த எண்ணம் எனக்குப் பல நாள் உறுத்தலாக இருந்தது.

அப்படி எழுதிவிட்டால் என்ன? நோயாளிக்குக் கொடுக்கும் மருந்து பெரிதாக மாறாது. மாறுவது ஊருக்குச் செய்யவேண்டிய வேலை. பான்கிராஃப்டியைப் பரப்பும் க்யூலெக்ஸ் கொசு, சாக்கடையிலும் தேங்கிய அழுக்கு நீரிலும் முட்டையிடுவது. மலாயியைப் பரப்பும் மான்சோனியா கொசுவின் புழு, நீரின் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சுவிடுவதில்லை. ஆகாயத்தாமரை முதலிய நீர்ச்செடிகளின் வேரைத் துளைத்து, அதிலுள்ள காற்றையே உட்கொள்கிறது. ஆகவே ஓரூரில் சாக்கடையைச் சீராக்கவேண்டும். மற்றோர் ஊரில் குளத்துச் செடியை அகற்றவேண்டும். சேர்த்தலைப் பகுதியில் 1980-களில் புதுச்சேரியின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையத்தார் மக்களின் துணையோடு குளங்களில் செடியை நீக்கி மீன் வளர்க்கும் முயற்சியை மேற்கொண்டது இந்த அறிவின் பயனே. வால் நுனியை ஒருவர் தவறாகப் படித்தால், ஒரு பஞ்சாயத்தின் பணமும் உழைப்பும் வேறு நீர்நிலையில் கொட்டப்படும்.

மலத்தில் மாறுவேடம்

மலப் பரிசோதனையை எவரும் விரும்பிச் செய்வதில்லை. ஆனால் பார்ப்பதற்கு இதைவிடச் சுவையான தகடு வேறில்லை என்பது என் எண்ணம். நாக்குப் பூச்சி எனக் கிராமங்களில் வழங்கும் உருண்டைப் புழுவின் முட்டை, பொன்னிறப் பழுப்பில், மேடு பள்ளமான மேலுறையுடன் பலாச்சுளை மூடிய முள்தோல்போல் காணப்படும். சாட்டைப் புழுவின் முட்டை, இரு முனையிலும் அடைப்பு வைத்த பீப்பாய். கொக்கிப் புழுவின் முட்டையோ ஆடம்பரமற்றது. கண்ணாடிபோல் மெல்லிய ஓடு, அதனுள் நான்கு முதல் எட்டு வரை அணுக்கள், ஓட்டுக்கும் அணுக்களுக்கும் இடையே தெளிந்த வெளி. நீளம் சுமார் 60 மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் பதினாறு முட்டைகளை வரிசையாக வைக்கலாம்.

இங்கே அளவே பெரிய அடையாளம். கண்ணருகு வில்லையில் அளவுகோல் இல்லாத நுண்பெருக்கியால் முட்டையை இனங்காண முயல்வது, முழக்கோல் இல்லாமல் துணி விற்பது போன்றது. பூந்தாதுக்கள் உருண்டைப் புழுவின் முட்டையாகவும் நாடாப் புழுவின் முட்டையாகவும் கண்ணை ஏமாற்றும். காற்றுக் குமிழியும் எண்ணெய்த் துளியும் அமீபாவின் கூடாகத் தோன்றும். மாவுப் பொருளின் மணிகளுக்கு அயோடின் இட்டால் கருநீலமாகி உண்மையை ஒப்புக்கொண்டுவிடும்.

ஒருமுறை நானே தகட்டின் மூலையில் நீண்டு வளைந்த ஓர் உருவத்தைக் கண்டு, புழுவின் இளம் பருவம் என்று மகிழ்ந்து ஆய்வாளரை அழைத்தேன். அவர் ஒரு நோட்டம் பார்த்துவிட்டு, "இதற்குக் குடல் எங்கே, ஐயா?" என்றார். குடல் இல்லை, தலை இல்லை, ஒரு முனை ஒடிந்திருந்தது. நோயாளி தின்ற ஏதோ ஒரு காயின் மேலிருந்த மெல்லிய மயிர் அது. செரிக்காமல் வந்த தாவர மயிரைப் புழு என்று எழுதி மருந்து கொடுத்தால் அம்மருந்தால் பெரிய தீங்கில்லை. இதற்கு நேர்மாறான பிழைதான் அபாயமானது. ஸ்ட்ராங்கிலாய்டிஸ் என்னும் புழு, மலத்தில் முட்டையாக வராமல் இளம் புழுவாகவே வருவது. அதை மயிரென்றோ, பழைய மலத்தில் பொரித்த கொக்கிப் புழு என்றோ ஒதுக்கிவிட்டு, அந்நோயாளிக்குப் பிற்காலத்தில் வேறு நோய்க்காக ஸ்டெராய்டு மருந்து கொடுக்க நேர்ந்தால், அப்புழு உடலெங்கும் பெருகி உயிரைப் பறிக்கக்கூடும். வாய்க்குழி குறுகியிருந்தால் ஸ்ட்ராங்கிலாய்டிஸ். நீண்டிருந்தால் கொக்கிப் புழு.

கொக்கிப் புழுவைப் பற்றிய மற்றொரு செய்தி களப்பணியில் மிக முக்கியமானது. முட்டைகளை எண்ணுவதற்குக் கேட்டோ–காட்ஸ் முறை என்று ஒன்று உண்டு. 41.7 மில்லிகிராம் மலத்தைத் துளையிட்ட அட்டையால் அளந்து, கிளிசரினில் ஊறிய செலஃபேன் தாளால் மூடி அழுத்தி, காணும் முட்டைகளை எண்ணி 24-ஆல் பெருக்கினால், ஒரு கிராமில் எத்தனை என்பது வரும். கிளிசரின் மலத்தைத் தெளிவாக்குவதற்காகவே சேர்க்கப்படுகிறது. ஆனால் அது அத்துடன் நிற்பதில்லை. மெல்லிய ஓடுடைய கொக்கிப் புழு முட்டையையும் தெளிவாக்கித் தெளிவாக்கி, இறுதியில் காணாமலே செய்துவிடுகிறது. தயாரித்த தகட்டை அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடவேண்டும். காலையில் தயாரித்து, மதிய உணவுக்குப்பின் பார்த்தால், உருண்டைப் புழுவும் சாட்டைப் புழுவும் அப்படியே இருக்கும். கொக்கிப் புழு மட்டும் ஊரைவிட்டே ஒழிந்ததுபோல் தோன்றும். சோகை பிடித்த தாய்மார் நிறைந்த ஓர் ஊர், உணவு இடைவேளையின் காரணமாக நோயற்ற ஊராகிவிடுவது இப்படித்தான்.

நுண்பெருக்கி மௌனம் சாதிக்கும் இடங்களும் உண்டு. கொக்கிப் புழுவில் இரண்டு வகை. ஒன்று மற்றொன்றைவிடப் பன்மடங்கு ரத்தத்தைக் குடிப்பது. முட்டைகளோ அச்சில் வார்த்தாற்போல் ஒன்றே. பன்றியிறைச்சி வழியே வரும் நாடாப் புழுவும் மாட்டிறைச்சி வழியே வரும் நாடாப் புழுவும் முட்டையில் வேறுபடா. முன்னதன் முட்டையை விழுங்கினால் மூளையில் நீர்க்கட்டி உண்டாகி வலிப்பு வரும், பின்னதால் அது நேர்வதில்லை. சீதபேதி அமீபாவின் கதை இன்னும் விசித்திரமானது. நான்கு உட்கருக்களுடைய கூட்டைக் கண்டவுடன் 'ஹிஸ்டலிட்டிகா' என்று எழுதுவதே நெடுங்கால வழக்கம். அவற்றுள் தீங்கற்ற ஓர் இனம் கலந்திருக்கிறது என்று ஃபிரெஞ்சு அறிஞர் ப்ரூம்ப்ட் 1925-இல் கூறினார், செவிசாய்த்தவர் சிலரே. 1993-இல்தான் அவர் கூற்று நிலைநாட்டப்பட்டு, 'டிஸ்பார்' என்னும் தீங்கற்ற இனம் தனியே பிரிக்கப்பட்டது. தின்ற சிவப்பணு வயிற்றில் தெரியும் அமீபாவை மட்டுமே நோய்க்குரியதென்று கொள்ளலாம். வெறும் கூட்டை மட்டும் கண்டால் 'இவ்விரண்டில் ஒன்று' என்று எழுதுவதே நேர்மை. பதிவேட்டில் அப்படி எழுத இடமில்லை என்று சிலர் குறைகூறுகிறார்கள். பதிவேட்டை மாற்றுவது அமீபாவை மாற்றுவதைவிட எளிது.

சென்னையில் ஒரு மண்ணீரல்

பெரியோரும் இத்தகடுகளின் முன் தடுமாறியிருக்கிறார்கள். கல்கத்தாவை அடுத்த டம்டமில் இருந்து நோயுற்றுத் திரும்பி, இங்கிலாந்தில் 1900-இல் இறந்த ஒரு சிப்பாயின் மண்ணீரலில், வில்லியம் லீஷ்மன் சிறு முட்டை வடிவ உருவங்களைக் கண்டார். ஒவ்வொன்றிலும் ஓர் உருண்டையும் அதனருகே ஒரு சிறு கோலும் இருந்தன. உறக்க நோய்க்கிருமியான டிரிபனசோமாவின் சிதைந்த மிச்சங்கள் என்று அவர் கருதி, 1903 மே மாதத்தில் அதனை வெளியிட்டார். சென்னைப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்ல்ஸ் டோனவன், இறந்தோரின் மண்ணீரலில் இவ்வுருவங்களை ஏற்கெனவே கண்டிருந்தார். ஜூன் மாதத்தில், உயிருள்ள நோயாளி ஒருவரின் மண்ணீரலில் ஊசியைச் செலுத்தி எடுத்த துளியிலும் அவற்றையே கண்டார். இறந்தபின் சிதைந்தவை என்ற எண்ணம் அத்துடன் வீழ்ந்தது. மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்த லாவெரான்கூட இது வேறோர் இனம் என்று தவறாகவே வகுத்தார். புதியதோர் இனம் இது என்று துணிந்து, இருவர் பெயரையும் சேர்த்து 'லீஷ்மானியா டோனவனி' என்று பெயரிட்டவர் ரொனால்டு ராஸ். காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலின் கிருமி அது.

உருண்டையும் கோலும் இன்றும் அக்கிருமிக்கு அடையாளம். 2 முதல் 4 மைக்ரான் அளவேயுள்ள உருவத்தில் இவ்விரண்டையும் சேர்த்துக் கண்டாலன்றி, ரத்தத் தட்டையோ சாய மணியையோ கண்டு மயங்கியதாகவே முடியும். பிஹார் முதலிய மாநிலங்களில் இப்போது இந்நோய்க்கு அட்டைச் சோதனையே முதலில் செய்யப்படுகிறது. குணமடைந்தவருக்கும் அது நெடுநாள் 'உண்டு' என்று காட்டுமாகையால், நோய் திரும்பிவிட்டதோ என்ற ஐயம் எழுந்தால் மறுபடியும் ஊசியையும் தகட்டையுமே நாடுகிறார்கள்.

பள்ளியில்

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. பள்ளி நுண்பெருக்கியில் ஒட்டுண்ணியைக் காட்டவேண்டுமென்ற ஆவலில், புதிய மலத்தையோ ரத்தத்தையோ வகுப்புக்குக் கொண்டுவரலாகாது. உருண்டைப் புழுவின் முட்டை ஃபார்மலினிலும் உயிரோடிருந்து கரு வளர்க்கவல்லது என்பதை நினைவிற்கொள்க. நிரந்தரமாக மூடி ஒட்டிய தகடுகளே பள்ளிக்கு ஏற்றவை. அவற்றைக் காட்டுமுன், மாணவர் பூந்தாதையும், மாவு மணியையும், காற்றுக் குமிழியையும், பூசணி இலையின் மயிரையும் பார்த்துப் படம் வரையட்டும். ஒட்டுண்ணி அல்லாதவற்றை நன்றாக அறிந்த கண்ணே ஒட்டுண்ணியை அடையாளம் காணும். ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெறுவோருக்கும் முதல் வாரம் வெறும் ஆரோக்கியமான ரத்தத்தையே காட்டுகிறார்கள்.

2015 முதல் பிப்ரவரி 10-ஆம் நாளில் பள்ளிகளில் குடற்புழு நீக்க மாத்திரை வழங்கப்பட்டு வருகிறது. மாத்திரையை வாங்கும் குழந்தை, எதற்காக என்று கேட்டால், முட்டையின் படம் ஒன்றைக் காட்டுவது நலம். பெண் புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் முட்டையிடும் என்பதைக் கரும்பலகையில் எழுதி, ஒரு வருஷத்துக்கு எத்தனை என்று மாணவரையே பெருக்கச் சொல்லலாம்.

களப் பணியாளருக்குச் சொல்ல எஞ்சியிருப்பது ஒன்றே. தகட்டின் எண்ணை மெல்லிய பூச்சின் தடித்த ஓரத்தில் பென்சிலால் எழுதுங்கள். மை, சாயத்தொட்டியில் கரைந்துவிடும். அன்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, நிறைய மோதிரங்களுடன் ஒரு தகடு கிடைத்தது. ஃபால்சிப்பாரம் என்பதில் ஐயமில்லை. ஓரத்தில் இருந்ததோ நீல நிறக் கறை மட்டுமே. ஆய்வாளர் அந்தக் கட்டில் வந்த தகடுகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வோர் எண்ணாகக் கழித்துக்கொண்டு வந்தார். இறுதியில் இரண்டு பெயர்கள் மிஞ்சின. இருவர் வீட்டுக்கும் அன்று மாலையே ஆள் அனுப்பி, மறுபடியும் ரத்தம் எடுக்கச் செய்தார்.